பிள்ளை இங்கிலிஸ் படிப்பிக்கப் போகிறாள்

(எமது சங்கத்தின் பொங்கல் விழாவில் ஆற்றிய உரை. மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க எழுத்தில் தரப்படுகிறது.)



நான் மேடையில் பேசிப் பழக்கப்பட்டவன் அல்ல. ஊரில் ஏ.எல் வரை படித்தேன், அதுவும் தமிழ் மொழிமூலம். இங்கே ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் சாமான் வார்க்கும் பக்டரி ஒன்றில் கனகாலமாக இரவு வேலை. தலைவர் அண்ணை ரெலிபோன் எடுத்து, ஆங்கிலம் படிப்பிக்க ஆசியாவுக்குப் போகும் எங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணை, நான் லிங்க் வகுப்பிலை பின்வாங்கிலை இருந்து நித்திரை கொண்டவன். இங்கிலிஸ் படிப்பிக்கிறதைப் பற்றி நானோ கதைக்கிறது?" என்றேன். அவர் விடவில்லை. "படிப்பிக்கிறதைப் பற்றி ஆர் கேட்டது? போறதைப் பற்றிச் சொல்லும். உம்மடை மருமகள் போயிருக்கிறாள். இன்னும் நாலைஞ்சு வீட்டிலை இப்ப இதே சண்டைதான். தாய் தேப்பனுக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றார். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அது என் அக்காவின் வீடு. அக்கா முன்வரிசையில் இருக்கிறா. கேட்டுத்தான் சொல்லுகிறேன்.

2023 ஆம் ஆண்டு, பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வெளியில் பனி கரைந்து சகதியாய்க் கிடந்தது. அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு, ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும். மருமகளுக்கு அப்போது 22 வயது. பல்கலைக்கழகம் முடிகிற நேரம். படித்தது உளவியல். சாப்பாட்டுக்கு நடுவில் சாதாரணமாய்ச் சொன்னாள்.

"மாமா, நான் கொரியாவுக்குப் போகப் போறன். இங்கிலிஸ் படிப்பிக்க."

அக்கா அகப்பையைக் கீழே வைத்தா. "ஆருக்குப் படிப்பிக்க?"

"அங்கத்தைப் பிள்ளையளுக்கு."

"ஏன், இங்கை உனக்கு வேலை கிடையாதாமோ?"

"கிடைக்கும் அம்மா. எனக்கு ஒருக்கா வேறை இடத்திலை இருந்து பாக்க விருப்பமாய்க் கிடக்கு."

அந்த 'விருப்பம்' என்ற சொல்லில்தான் வீடு இரண்டானது. அத்தான் முதலில் கேட்ட கேள்வி, "வட கொரியாவோ, தென் கொரியாவோ?" அவருக்கு ரொக்கற் பயம். அக்காவுக்கு அது இல்லை. "உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஆசியாவிலை இருந்து இங்கை ஓடி வந்தது, நீ திரும்பவும் ஆசியாவுக்குப் போறதுக்கோ?" என்று கேட்டா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ தாய்லாந்திலை இருந்தனீ. அந்த நாடுகள் எப்பிடியெண்டு நீ சொல்லு இவளுக்கு" என்றா.

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கு அந்த நேரம் ஞாபகம் வந்தது வேறு ஒரு ஆள்.

உங்களில் பலருக்குத் தெரியும், 2010 ஓகஸ்ட் மாதம் 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்து சேர்ந்த சன் சீ கப்பலில் நானும் ஒருவன். அதற்கு முந்தி சில மாதம் பாங்கொக்கில் இருந்தேன். சுற்றுலா விசாவில் போய், விசா முடிந்த பிறகும் இருந்தேன். 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் தாய்லாந்து கையெழுத்து வைக்கவில்லை. ஆகவே அகதி என்று சொல்ல அங்கே சட்டத்தில் இடமில்லை. விசா முடிந்தவன், அவ்வளவுதான். ஒரு அறையில் ஏழு பேர். பகலில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே கிடப்போம். பின்னேரம் ஒருவர் மட்டும் போய் செவன் இலெவனில் பாணும் முட்டையும் வாங்கிக்கொண்டு வருவார். சப்பாத்துச் சத்தம் கேட்டால் ஏழு பேரும் மூச்சை அடக்குவோம்.

அதே கட்டிடத்தின் கீழ்மாடியில் ஒரு வெள்ளைப் பொடியன் இருந்தான். என்னைவிட மூன்று நாலு வயது மூப்பாக இருப்பான். காலையில் கழுத்துக்கு ரை கட்டி, காலுக்கு ரப்பர் செருப்பு போட்டு, சப்பாத்தை ஒரு பையில் கொண்டு போவான். பின்னேரம் வந்து, தெருவோரத்து நூடில்ஸ் வண்டிக்குப் பக்கத்தில் சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து சாப்பிடுவான். வண்டிக்காரப் பெண்ணோடு அரைகுறைத் தாய் மொழியில் பகிடி விடுவான். வெள்ளிக்கிழமை முதுகுப் பையோடு கடற்கரைப் பக்கம் போனால் ஞாயிறு இரவு முகம் சிவந்து வருவான். சாமான் வாங்கப் போகும் முறை என்னுடையதாக இருந்த ஒரு நாள், படியில் என்னை மறித்து எந்த நாடு என்று கேட்டான். இந்தியா என்று பொய் சொன்னேன். அவன் தான் சஸ்கச்சுவான் என்றான். அப்படி ஒரு நாடு இருக்கிறதென்று நான் நினைத்துக்கொண்டு போனேன். அது கனடாவில் ஒரு மாகாணம் என்று எனக்குத் தெரிய ஒரு கடல் கடக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் இங்கிலிஸ் படிப்பிக்கிறேன் என்றான். இந்த இடம் நல்ல இடம் என்றான். அவன் சொன்னது உண்மைதான். ஒரே கட்டிடம், ஒரே படி. அவனுக்கு அது நல்ல இடம்.

அவன் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. பொறாமை வந்தது, அதை மறைக்கமாட்டேன். அவனுடைய சம்பளத்தில் பொறாமை இல்லை. அவன் வந்தது தன்ரை விருப்பத்தில். அலுத்தால் ரிக்கற் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். அதுதான்.

ஆகவே அக்கா என்னைக் கேட்டபோது நான் சொன்னது இதுதான்: "அக்கா, நான் இருந்த தாய்லாந்து வேறை. இவள் போற ஆசியா வேறை. ஒரே இடமாய் இருந்தாலும் வேறை." அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

இப்போது பெற்றோருக்குத் தேவையான விபரங்களைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். தென் கொரியாவில் ஆங்கிலம் படிப்பிக்கக் கொடுக்கும் விசாவுக்கு ஈ-2 என்று பெயர். பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும், எந்தப் பாடமென்றாலும் பரவாயில்லை. பொலிஸ் அறிக்கை வேண்டும். போன பிறகு வைத்தியப் பரிசோதனை இருக்கிறது, அதில் போதைவஸ்துச் சோதனையும் சேர்த்தி. ஒப்பந்தம் ஒரு வருடம். இருக்க ஒரு சிறிய அறைவீடு வேலை கொடுப்பவர்கள் பார்த்துக் கொடுப்பது வழக்கம். முழு வருடம் வேலை செய்து முடித்தால் ஒரு மாதச் சம்பளம் மேலதிகமாகக் கொடுக்க வேண்டும் என்பது அங்கத்தைச் சட்டம். மருமகளின் சம்பளம் மாதம் இருபது இலட்சம் வொன்னுக்கு மேல் என்று கேட்டதும் அத்தான் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். கணக்குப் பார்த்தால் இரண்டாயிரம் டொலர் சொச்சம். திரும்பவும் சாய்ந்துவிட்டார்.

வேலை இரண்டு வகை. ஒன்று அரசாங்கப் பள்ளிக்கூடம். அதற்கென்று 1995 இல் தொடங்கிய எபிக் என்ற திட்டம் இருக்கிறது. அதில் கொரிய ஆசிரியர் ஒருவரும் வகுப்பில் கூட நிற்பார். மற்றது ஹாக்வொன் என்று சொல்லும் தனியார் ரியூட்டரி. சில ரியூட்டரிகள் ஒழுங்காகச் சம்பளம் கொடாமல் இழுத்தடிப்பதும் திடீரென்று பூட்டிவிடுவதும் உண்டு. ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசிக்காமல் பிள்ளையைக் கையெழுத்து வைக்க விடாதீர்கள். யப்பானிலும் 1987 இலிருந்து ஜெற் என்று இப்படி ஒரு அரசாங்கத் திட்டம் நடக்கிறது. அதைப் பற்றி எனக்கு ஆழமாகத் தெரியாது, அங்கே போன பிள்ளைகள் வந்தால் கேளுங்கள்.

இந்த ஈ-2 விசாவில் ஒரு விஷயம் இருக்கிறது. ஆங்கிலம் படிப்பிக்கிறதென்றால் பொதுவாக ஏழு நாட்டுப் பாஸ்போட்டுக்குத்தான் அதைக் கொடுக்கிறார்கள். அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. ஆங்கிலம் தாய்மொழியான நாடுகளாம். ஊரில் எனக்கு இங்கிலிஸ் படிப்பித்த மாஸ்ரரை நினைத்துப் பார்த்தேன். முப்பது வருடம் படிப்பித்தவர். பெயர்ச்சொல், வினைச்சொல், காலம் எல்லாம் தலைகீழாய்ச் சொல்லுவார். ஒரு பிழை விட்டால் காதைத் திருகுவார். அவர் கேட்டாலும் இந்த விசா கிடையாது. என் மருமகள் ஒரு நாளும் வகுப்பெடுத்தவள் அல்ல, இலக்கணம் கேட்டால் முழிப்பாள். அவளுக்குக் கிடைக்கும். இதை அவளுக்கும் சொன்னேன். "தெரியும் மாமா, அது அநியாயம்தான்" என்றாள். அநியாயம் என்று தெரிந்துகொண்டு போகிறாள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

பாஸ்போட் இருந்தாலும் முழுக்கதவும் திறக்காது. முதலில் விண்ணப்பித்த ஒரு இடத்தில் எல்லாம் பேசி முடிந்து, கடைசியில் படம் அனுப்பச் சொன்னார்கள். படம் அனுப்பினாள். பிறகு பதிலே இல்லை. இன்னொரு இடத்தில் அவளுடைய பெயரைப் பார்த்துவிட்டு, "உனக்கு ஆங்கிலம் தாய்மொழியா?" என்று மூன்று தரம் கேட்டார்கள். அவளும் மூன்று தரம் ஓமென்றாள். அன்றிரவு எனக்கு ரெலிபோன் எடுத்து, "மாமா, எனக்குத் தாய்மொழி என்ன?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவோடு சண்டை பிடிப்பது தமிழில், கனவு காண்பது இங்கிலிஸில் என்று அவளே சொன்னாள். கடைசியில் அரசாங்க ஆரம்பப் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்தது.

இதற்கிடையில் அக்கா அம்மாவுக்கு யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் எடுத்து முறைப்பாடு சொன்னா. அம்மா என்ன சொன்னா தெரியுமோ? "உதென்ன புதினமே? என்ரை பெரியப்பாவும் உப்பிடித்தானே போனவர்" என்றா.

இங்கே ஒரு பழங்கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் வட்டுக்கோட்டைக்குப் பக்கம். 1816 இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். முதல் அதிபர் டானியல் புவர். அடுத்த வருடம் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். யோசித்துப் பாருங்கள், கப்பலில் மாதக்கணக்கில் கடல் கடந்து ஆசியாவுக்கு வந்து ஆங்கிலம் படிப்பித்தவர்கள் அவர்கள். வந்தது சமயம் பரப்ப. எங்கடை ஆக்கள் போனது பெரும்பாலும் இங்கிலிஸுக்கு. சமயத்துக்கு ஆள் சேராமல் உத்தியோகத்துக்கே ஆள் சேருகிறதென்று கண்டு 1855 இல் செமினரியை மூடிவிட்டார்கள். (எங்கடை ஆக்களை மிசனரிமாராலும் வெல்ல முடியவில்லை.) 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் பி.ஏ பட்டம் எடுத்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறொல் விசுவநாதபிள்ளையும் அந்தச் செமினரியில் படித்தவர்கள். பிறகு அந்த வளவிலேயே 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது. நான் சைக்கிளில் அந்த மதிலைத் தாண்டித்தான் ரியூசனுக்குப் போவேன்.

அந்த இங்கிலிஸை எடுத்துக்கொண்டு எங்களவர் மலாயாவுக்குப் போனார்கள். பிரிட்டிஷ்காரனுக்கு ரெயில்வேக்கும் கந்தோருக்கும் இங்கிலிஸ் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. கிளாக்கர், ஸ்ரேசன் மாஸ்ரர், ஆஸ்பத்திரி உத்தியோகத்தர், பள்ளிக்கூட ஆசிரியர் என்று போனார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்த ஆச்சிரமம் 1904 இல் எங்களவர் தொடங்கியது. தந்தை செல்வா 1898 இல் பிறந்ததே ஈப்போவில். 1915 இல் வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த ராஜரட்ணம் 1965 இல் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டு அமைச்சரானார்.

அம்மாவின் பெரியப்பா அப்படிப் போன வாத்தியார்களில் ஒருவர். ஈப்போப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சீனப் பிள்ளைகளுக்கும் மலாய்ப் பிள்ளைகளுக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இங்கிலிஸ் படிப்பித்தவர். பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து கல்வீடு கட்டினார். அவரைப் பற்றி ஊரில் சொல்லுவது ஒன்றுதான்: உழைச்சு அனுப்பினார், நாலு சகோதரிகளுக்குச் சீதனம் கொடுத்தார். அம்மா சின்னப் பிள்ளையாக அவரின் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து கேட்ட கதைகள் அதுவல்ல. பினாங்கு மலையில் ரெயிலில் ஏறியது, டுரியான் பழத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து மனிசியிடம் பேச்சு வாங்கியது, சீன நண்பரோடு படம் பார்க்கப் போனது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உதைபந்து விளையாடிக் கால் முறிந்தது. அம்மா ரெலிபோனில் சொன்னா: "அந்த மனுசன் அங்கை சந்தோசமாய் இருந்தவர். ஆனா அதை ஒருத்தரும் கேக்கேல்லை."

இதைக் கேட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. நானும் யோசித்தேன். எங்கள் சனம் வெளிக்கிடுவதற்கு இரண்டு காரணம்தான் இருந்தது. ஒன்று காசு, மற்றது உயிர். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்து உத்தியோகம் சுருங்க, எங்கள் வாத்திமார் நைஜீரியா, சாம்பியா, எதியோப்பியா என்று போனார்கள், அது காசுக்கு. 1983க்குப் பிறகு போனது உயிருக்கு. காசுக்குப் போனவனை மெச்சுவோம். உயிருக்கு ஓடினவனுக்கு இரங்குவோம். விருப்பத்துக்கு ஒரு பிள்ளை, அதுவும் பெண்பிள்ளை, வெளிக்கிட்டால் அதற்கு என்ன முகம் காட்டுவதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அக்காவின் கோபம் கொரியாவின் மேல் அல்ல. தான் நித்திரை இல்லாமல் இரண்டு வேலை செய்து கட்டிய வீட்டைப் பிள்ளை 'பிறகு வாறன்' என்று விட்டுப் போகிறாளே என்பதுதான். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை, விமான நிலையத்தில் அக்காவே சொன்னா. 2023 ஓகஸ்ட். பியர்சன் விமான நிலையத்தில் பிள்ளை ரிக்கற்றையும் பாஸ்போட்டையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனாள். எங்கள் குடும்பத்தில் அழாமல் எல்லை கடந்த முதல் ஆள் அவள்தான். அழுதது அக்கா.

இனி அங்கத்தைக் கதை. அவளுக்கு இடம் கிடைத்தது ஆன்சான் என்ற நகரம். சியோலுக்குத் தெற்கே, பக்டரிகள் நிறைந்த ஊர். முதல் மாரிகாலம் அவளும் அழுதாள்தான். அறை சின்னது, பேச ஆள் இல்லை. வகுப்பில் ஒரு சின்னப் பெடியன் அவளுடைய கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரீச்சர், நீங்கள் உண்மையாய்க் கனடாவோ?" என்று கேட்டானாம். உண்மையாய் என்று சொல்லி, ஸ்காபரோவில் பனி மூடிக் கிடக்கும் எங்கள் வீட்டுப் படத்தைக் காட்டினாளாம். அதற்குப் பிறகு அவன்தான் அவளுக்கு மெய்க்காப்பாளன்.

நவம்பர் மாதம் அங்கே பல்கலைக்கழக நுழைவுச் சோதனை. எங்கள் ஏ.எல் மாதிரி, ஆனால் ஒரே நாள். ஆங்கிலம் காதால் கேட்டு எழுதும் பகுதி நடக்கும் நேரம் நாடு முழுவதும் விமானங்கள் ஏறவும் விடமாட்டார்கள், இறங்கவும் விடமாட்டார்கள். சத்தம் பிள்ளைகளைக் குழப்பக்கூடாதாம். கந்தோர்கள் பிந்தித் திறக்கும். இரவு பத்து மணிக்கு ரியூட்டரி விட்டு பிள்ளைகள் புத்தகப் பையோடு பஸ்ஸுக்கு நிற்பதை அவள் வீடியோவில் காட்டினாள். அக்காவின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. "பாத்தியளே, அங்கத்தைப் பிள்ளையள் படிக்குதுகள்" என்றா. அன்றிலிருந்து அக்காவுக்குக் கொரியா நல்ல நாடு. பிள்ளைக்கோ அந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னுடைய வகுப்பில் மட்டும் பாட்டும் விளையாட்டும்தான் என்று முடிவெடுத்தாள். நான் யாழ்ப்பாணத்து ரியூட்டரியில் விடிய ஐந்தரைக்குக் கொட்டாவி விட்டவன். என் ஆதரவு பிள்ளைக்கு.

அவள் சந்தோசமாக இருக்கிறாள் என்பதையும் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் விடுவதுதானே எங்கள் பழக்கம். சனிக்கிழமை மலை ஏறுகிறாள். அங்கே எழுபது வயதுக் கிழவிமார் அவளை முந்திக்கொண்டு ஏறிப்போய், உச்சியில் இருந்து வெள்ளரிக்காய் வெட்டிக் கொடுப்பார்களாம். விரைவு ரெயிலில் இரண்டரை மணித்தியாலத்தில் பூசானுக்குப் போய்க் கடலில் குளிக்கிறாள். சித்திரை பிறக்கிற நேரம் செரிப் பூ கொட்டுகிறது. அறுவடைத் திருநாளுக்கு அரிசிமாவில் எள்ளு வைத்து, அரைநிலா மாதிரிப் பிடித்து, பைன் இலையின் மேல் அவிக்கும் பலகாரம் ஒன்று செய்வார்கள், சொங்பியொன் என்று பெயர். படத்தைப் பார்த்துவிட்டு அக்கா, "கொழுக்கட்டையைப் போய்ப் பெரிய புதினம் மாதிரி" என்றா. அம்மாவுக்கு ஒம்மா, அப்பாவுக்கு அப்பா, புல்லுக்குப் புல், நாளுக்கு நல். இதையெல்லாம் வைத்து நூறு வருடத்துக்கு மேலாகத் தமிழும் கொரிய மொழியும் சொந்தம் என்று சிலர் எழுதி வருகிறார்கள். மொழியியல் படித்தவர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வதில்லை. அக்கா ஏற்றுக்கொண்டுவிட்டா.

எனக்கு முக்கியமான கதை இதற்குப் பிறகுதான். முதல் வருடத் தை மாதம் அவளுக்குக் கடும் காய்ச்சல். மருந்தகத்தில் நின்று கொரிய மொழியில் சொல்லத் தெரியாமல் கையால் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஒருவர், அவள் ரெலிபோனில் தாயோடு தமிழில் கதைத்ததைக் கேட்டு, "தங்கச்சி, நீங்கள் எங்கடை ஆளோ?" என்று கேட்டார். மட்டக்களப்புப் பக்கம். ஆன்சானில் ஒரு பக்டரியில் வேலை. அவர் கொரிய மொழியில் மளமளவென்று பேசி மருந்து வாங்கிக் கொடுத்து, கஞ்சி விற்கும் கடையையும் காட்டிவிட்டுப் போனார்.

அவர் போனது ஈ-9 என்ற விசாவில். கொரிய அரசாங்கம் 2004 இல் தொடங்கிய தொழிலாளர் திட்டம் அது. முதல் சேர்த்த ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதற்குக் கொரிய மொழிச் சோதனை எழுதிச் சித்தியடைய வேண்டும். அவர் எட்டு மாதம் படித்தாராம். குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. ஒருமுறை போனால் அதிகம் 4 வருடமும் 10 மாதமும். முதலாளி பிடிக்கவில்லை என்று நினைத்த நேரம் வேறு பக்டரிக்கு மாறவும் முடியாது. கொரிய மொழியில் ஒரு சொல் தெரியாமல் என் மருமகள் போய் ஆசிரியராகலாம். அந்த மொழியில் சோதனை பாஸ் பண்ணின அவர் பக்டரியில் இரும்பு தூக்கலாம். இரண்டு பேரும் வந்து இறங்கியது ஒரே விமான நிலையம்.

ஒரு ஞாயிறு அவள் தன் ரெலிபோனில் என்னை அவரோடு பேசவைத்தாள். ஊர்க் கதை ஐந்து நிமிடம். பிறகு மெசின் கதை அரை மணித்தியாலம். அவரும் பிளாஸ்ரிக் வார்க்கும் மெசினில்தான் நிற்கிறார். என்ன பொருள், ஒரு தடவைக்கு எத்தனை செக்கன், அச்சுச் சூடு என்ன, விரல் பத்திரமோ என்று கேட்டார். நான் அவரின் சம்பளம் கேட்டேன், அவர் என்னுடையது கேட்டார். இரண்டு பேரும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னோம் என்று நினைக்கிறேன். மருமகள் பக்கத்தில் இருந்து, "நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறது எந்த மொழி?" என்று சிரித்தாள்.

இப்போது ஞாயிறு பின்னேரங்களில் அவரும் இன்னும் நாலு பேரும், அதில் மூன்று பேர் சிங்களப் பொடியன்கள், அவளுடைய அறைக்குக் கீழே இருக்கும் கோப்பிக் கடையில் கூடுகிறார்கள். அவள் அவர்களுக்கு இங்கிலிஸ் சொல்லிக் கொடுக்கிறாள். அவர்கள் அவளுக்குக் கொரிய மொழி சொல்லிக் கொடுக்கிறார்கள். காசு வாங்குவதில்லை. ஈ-2 விசாவில் வெளியில் காசுக்கு வகுப்பு எடுக்கவும் கூடாது, அதையும் பெற்றோர் தெரிந்து வைத்திருங்கள். அக்கா இதைக் கேட்டு, "காசும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையிலும் வேலையோ" என்றா. திட்டினமாதிரித்தான் இருந்தது. ஆனால் அடுத்த நாள் கோயிலில் நாலு பேருக்கு அதைச் சொல்லிக்கொண்டு நின்றதை நான் என் கண்ணால் கண்டேன்.

ஒரு வருடம் என்று போனவள் இப்போது மூன்றாவது ஒப்பந்தத்தில் இருக்கிறாள். திரும்பி வருவாளோ என்று இங்கே நாலு பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. இந்தச் சித்திரை வருடப் பிறப்புக்கு அக்காவும் அத்தானும் அங்கே போகிறார்கள், ரிக்கற் எடுத்தாயிற்று. கனடாப் பாஸ்போட்டுக்கு விசா தேவையில்லை. பெட்டியில் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் ஏற்கனவே ஏறிவிட்டன. மட்டக்களப்பு அண்ணனுக்கென்று ஒரு கம்பளிச் சட்டையும் வைத்திருக்கிறா.

என்னையும் வரச் சொன்னார்கள். என் கேஸ் முடிய வருடக்கணக்கு எடுத்தது. நிரந்தர வதிவிடம் கிடைத்தும் கனகாலம். பிரஜாவுரிமைக்கு மட்டும் விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டேன். இரவு வேலை, நேரமில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மை என்னவென்றால், ஆங்கிலம் பேசத் தெரியும் என்று அத்தாட்சி காட்ட வேண்டும், அதற்குப் பயம். என்னிடம் இருப்பது அகதிப் பயணப் புத்தகம். அதைக் கொண்டு கொரியா போவதென்றால் முதலில் விசாவுக்கு நிற்க வேண்டும். ஆகவே இந்த முறை நான் போகவில்லை.

ஆனால் கார்த்திகையிலிருந்து மருமகளிடம் நானும் படிக்கிறேன். சனிக்கிழமை நான் வேலையால் வந்து, காலை ஏழு மணிக்கு ரெலிபோனுக்கு முன்னால் இருப்பேன். அங்கே அப்போது இரவு ஒன்பது மணி. ஏழு வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற அதே படங்களை எனக்கும் காட்டுகிறாள். சரியாகச் சொன்னால் நட்சத்திரம் ஒட்டுகிறாள். இதுவரை பதினொரு நட்சத்திரம் எடுத்திருக்கிறேன். பிழை விட்டால் காதைத் திருகுவதில்லை, அது ஒரு முன்னேற்றம். முதல் பாடத்தில் முதல் கேள்வி, நீங்கள் எந்த நாடு என்பதுதான். பாங்கொக்கில் படியில் நின்றவன் கேட்டானே, அதே கேள்வி. நான் யோசித்துக்கொண்டு இருந்தேன். "மாமா, இது லேசான கேள்வி, அடுத்ததுதான் கஷ்டம்" என்றாள்.

பத்திரங்கள் பற்றி விபரம் வேண்டிய பெற்றோர் தேத்தண்ணி நேரத்தில் என்னிடம் வரலாம். பிள்ளை எழுதித் தந்த கடதாசி சட்டைப் பையில் இருக்கிறது. ஓகஸ்டில் அவள் ஒரு மாதம் வந்து நிற்பாள், அப்போது இந்த மேடையில் அவளையே பேசவிடலாம். தன்னுடைய தமிழைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள் என்கிறாள். சிரிக்கத்தான் செய்வீர்கள், அவளும் என்னுடைய இங்கிலிஸைக் கேட்டுச் சிரிக்கிறவள்தானே. தலைவர் அண்ணை மணி அடிக்க எழும்புகிறார்.